எனக்கு முன்னே இறந்த வாதி

பாளையங்கோட்டை,
1911 நவம்பர்

சாத்தான்குளத்தில் கர்த்தருடைய கிருபையால் க்ஷேமமாயிருக்கும் மைத்துனர் அப்பாத்துரை அவர்களுக்கு, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட உபாத்தியாயர் நேசையா எழுதிக்கொள்வது. உம் தங்கை சாலோமி சுகம். நான் இதுவரைக்கும் சுகம். நீர் தயவுசெய்து இந்த ஊருக்கு வரவேண்டாம்.

கோபித்துக்கொள்ளாதேயும், காரணம் இருக்கிறது. ஆற்றுக்குக் குளிக்கப் போகும் பாதையைத் தோப்புக்கார இசக்கியப்பன் முள்வேலி போட்டு அடைத்ததும் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டேன் அல்லவா, வக்கீல் சாம்பசிவம் ஒரு தடித்த புஸ்தகத்தோடு வந்து, "வாத்தியாரே, சர்க்கார் எழுதி வச்சது மட்டும் சட்டம் இல்ல வே. மேல்கோர்ட்டு ஒரு வழக்குல சொன்ன தீர்ப்பு, அதே மாதிரி பின்னால வார வழக்குக்கெல்லாம் சட்டம். முன்சீப் அதை மீற முடியாது. நம்ம வழக்கு மாதிரியே ஒண்ணு சென்னையில முடிஞ்சிருக்கு. வாதிக்குத்தான் ஜெயம்" என்றார். சந்தோஷத்தில் படித்துக் காட்டச் சொன்னேன், அங்கேதான் வினை பிடித்தது. அந்த வாதியும் ஓய்வுபெற்ற உபாத்தியாயராம், பிள்ளையில்லையாம், அடைபட்டதும் ஆற்றுப்பாதையாம். வழக்கு நடக்கும்போதே மனுஷர் ஆற்றில் செத்துப்போனாராம். அவர் மனைவியின் அண்ணன் வெளியூரிலிருந்து வந்திறங்கி, விதவைக்காக வழக்கை நடத்தி ஜெயித்தாராம்.

"அப்போ நானும் சாகணுமா?" என்றேன். "தீர்ப்புதான் வே நம்மளக் கட்டுப்படுத்தும், சாவு கட்டுப்படுத்தாது" என்று சிரித்தார். தப்பிக்க வழி கேட்டதற்கு, "ரெண்டு வழக்குக்கும் முக்கியமான வித்தியாசம் காட்டினா அந்தத் தீர்ப்பு பொருந்தாது. அது எதிராளி வக்கீல் பாடு, உமக்கென்ன?" என்றார். எனக்கென்னவா! அன்றிலிருந்து வித்தியாசம் தேடுவதே என் பிழைப்பு. சுற்றுவழியாய் ஆற்றுக்குப் போவதையும் விட்டேன். ஆனால் விடியற்காலையில் வேலிப்பக்கமிருந்து என் வாசல்வரை ஈரக் காலடிகள் கிடக்கின்றன, திரும்பிப்போன தடம் இல்லை. இதை முன்சீப்பிடம் சொல்லச் சொன்னால் வக்கீல் மாட்டேன் என்கிறார். முன்சீப் இரு தரப்பும் சொல்வதைக் கேட்பாரேயொழிய, தாமாக எதையும் தேடிப் போகமாட்டாராம். ஆகவே கோர்ட்டைப் பொறுத்தவரை அந்தக் கால்கள் கிடையாது. இசக்கியப்பனோ, அந்தத் தீர்ப்பைக் கேள்விப்பட்டு, நான் செத்தால்தான் தனக்குத் தோல்வி என்று நம்பித் தினமும் பால் கொண்டுவருகிறான். "நல்லா குடிங்க அண்ணாச்சி. நீங்க இருக்குத வரைக்கும்தான் எனக்கு நல்லது" என்கிறான். வேலியைத் தெறந்து விடுலே என்றால் மட்டும் காது கேட்கவில்லை.

மைத்துனரே, எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வித்தியாசம் நீர்தான். நீர் வராதவரை நான் அந்த ஆள் இல்லை.

கர்த்தர் உம்மைச் சாத்தான்குளத்தை விட்டு அசையாமல் வைத்து ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு, உயிரோடிருக்கும்
நேசையா

பி.கு.: உறையை ஒட்டும்போது வாசலில் வண்டி வந்து நின்றது. பெட்டியோடு இறங்குகிறவர் நீர். சாலோமி எனக்குத் தெரியாமல் எழுதி வரவழைத்தாளாம். ஆகையால் இதை உம் கையிலேயே தருகிறேன். கூடவே வந்த வக்கீல், "இனி வித்தியாசமே இல்ல வே, ஜெயம் நமக்குத்தான்!" என்று பூரித்துப்போகிறார். எனக்குப் பயமாயிருக்கிறது, மைத்துனரே. அந்தப் பாதை திறந்தால் அதில் நடக்கப்போவது நான் அல்ல, நீர்தான்.