எண்பத்தைந்து பேர் ராஜினாமா செய்த திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே வீட்டில் நான் ஒருவன்தான் என்பதால் நலம் கேட்பதும் நலம் சொல்வதும் சுருக்கமாக முடிந்துவிடுகிறது. அங்கே நீங்களும், என் மகளும், உங்கள் அத்தையும், கழுத்து இன்னும் நிற்காத அந்தப் புதிய நபரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வழக்கமாகத் தட்டச்சு செய்து அனுப்புகிறவன் இதைக் கையால் எழுதுவதற்குக் காரணம் உண்டு. கணினியில் எழுதி வைத்த கடிதம் என்ன பாடு படுத்தும் என்பதை இந்த வாரம் பார்த்துவிட்டேன். பேனாவால் எழுதியது, தபால்பெட்டியில் போடும்வரை என் சட்டைப் பையிலேயே இருக்கும்.

முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு அங்கேயே வந்துவிடுவதாக உங்கள் அத்தைக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அது நடக்காது போலிருக்கிறது. இதை அவளிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். சாப்பிட்ட பிறகு சொன்னால் நல்லது. அவள் சாப்பிட்ட பிறகு.

நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். எனக்கும் ஒருமுறை புரிந்துகொண்டது போலிருக்கும். ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் சோதித்துச் சான்றிதழ் தரும் எங்கள் நிறுவனத்தில் பதிவேட்டு அறை என் பொறுப்பு. (எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடியும் படிதான்.) நான் ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. ஓய்வு பெற்ற மறுநாள், “இன்னும் ஒரே ஒரு வருஷம் இருங்க ஐயா, நீங்க போயிட்டா எந்த ஃபைல் எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?” என்று மேலாளர் கேட்டார். அந்த ஒரே ஒரு வருடம் இதுவரை ஆறு முறை வந்துவிட்டது. என்னை விடுவிக்கும்படி அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். திருத்தித் திருத்தி இப்போது நாற்பத்தொன்றாவது வரைவு. அனுப்பும் பொத்தானை அழுத்தத்தான் விரல் வரவில்லை என்று உங்களிடம் தொலைபேசியில் சொன்னபோது, “நாள், நேரம் குறிச்சு வச்சிருங்க மாமா, அதுவே போயிரும். நீங்க அந்த நேரத்துல டீ குடிக்கப் போயிருங்க” என்று நீங்கள்தான் வழி சொன்னீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை. மிக நல்ல வழி. அதன்படி திங்கட்கிழமை காலை பத்தரைக்கு மேலாளருக்கும், ஒரு நகல் தலைமை அலுவலகத்துக்கும் போகும்படி குறித்து வைத்தேன். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் துணிவு குறைந்து, அடுத்த திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்தேன். அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. நாட்குறிப்பில் எண்ணிப் பார்த்தேன், தொண்ணூற்றெட்டு வெள்ளிக்கிழமைகள். ஒன்றுகூடத் தவறவில்லை.

உங்கள் அத்தை அங்கே வந்ததிலிருந்து ஞாயிறுதோறும் கேட்கிறாள்.

“லெட்டர் குடுத்தாச்சா?”

“நாள் குறிச்சாச்சு.”

“நாள் குறிக்க அது என்ன கல்யாணமா? போய் நீட்டிட்டு வாங்க!”

இப்படியிருக்கும்போது மேலாளர் மூன்று நாள் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போய்வந்தார். போகும்போது நன்றாகத்தான் போனார். வந்ததும், அலுவலகத்திலுள்ள எண்பத்தாறு கணினிகளும் எண்பத்தாறு தினுசாக இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒன்றில் பழைய முறை, ஒன்றில் புதிய முறை, ஒன்றைத் திறந்தால் பூனை குதிக்கிறது, ஒன்றைத் திறக்கவே முடியவில்லை. “ஒரே ஆபீஸ், ஒரே மாதிரி! நாளைக்கு யார் எந்த சீட்ல உட்கார்ந்தாலும் வித்தியாசம் தெரியக்கூடாது” என்றார். கணினி பழுது பார்க்கிறவரை அழைத்தார்கள். தோளில் எப்போதும் ஒரு வளையம் ஒயர் மாட்டிக்கொண்டு வருவதால் அவருக்கு ஒயர்காரர் என்றே பெயர். அவர் சொன்ன யோசனை எளிமையானது. “ஒரு கம்ப்யூட்டர நல்லா ரெடி பண்ணிட்டு, அதை அப்படியே அச்செடுத்து மத்த எண்பத்தஞ்சுலயும் இறக்கிரலாம் சார். ஆப்பரேட்டிங் சிஸ்டம், புரோகிராம், மெயில், எல்லாம் ஒரே அச்சு.” எதை அச்செடுப்பது என்று மூன்று மாடியும் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் மேலாளர் என் மேசையில் வந்து நின்றார். திரையில் நான்கே படங்கள், ஒரே வரிசை. ஆவணங்கள் எல்லாம் ஆண்டுவாரியாக. “இதான்யா மாதிரி!” என்றார். அறுபத்தாறு வயதில் என்னை ஒருவர் முன்மாதிரி என்று சொன்னது அதுவே முதல் முறை. கொஞ்சம் மகிழ்ந்துபோனேன். அதை மறைப்பானேன்?

ஒயர்காரர் பொறுப்பானவர். வேலையைத் தொடங்குமுன், “ஐயா, இதுக்குள்ள உங்க சொந்த சமாச்சாரம் ஏதும் இருந்தா இப்பவே சொல்லிருங்க, எடுத்துரலாம்” என்று கேட்டார். மாப்பிள்ளை, அந்த நிமிடத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். மேலாளர் எனக்குப் பின்னால் என் தோளில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே அவருக்கான ராஜினாமா இருக்கிறது. நான் என்ன சொல்ல? “ஒன்றுமில்லை” என்றேன். “இவருக்கு சொந்தமா என்னய்யா இருக்கப் போகுது? எல்லாமே ஆபீஸ்தான்” என்றார் மேலாளர். பெருமையாகத்தான் சொன்னார்.

செவ்வாயும் புதனும் அச்சு இறங்கியது. வியாழக்கிழமை எல்லோர் திரையிலும் எழுத்துகள் கட்டைவிரல் அளவுக்கு இருந்தன. என் கண்ணுக்கு அப்படித்தான் வைத்திருந்தேன். பதினொரு மணிக்கு, “எழுந்து நின்று முழங்காலை நீட்டி மடக்கவும், பத்து முறை” என்று மூன்று மாடியிலும் மணியடித்து நினைவூட்டல் வந்தது. எனக்காக நான் போட்டுக்கொண்டது அது. புதிய முறையின் ஒரு பகுதி போலிருக்கிறது என்று எண்ணி, யாரும் ஒரு கேள்வி கேட்காமல் எழுந்து நீட்டி மடக்கினார்கள். மேலாளரும் மடக்கினார் என்று கேள்வி. நான்கு மணிக்கு, “மேலாளரிடம் பேச வேண்டியது ஏதும் இருந்தால் இன்று வேண்டாம், நாளை பார்க்கலாம்” என்று அடுத்தது வந்தது. அன்று மாலை யாரும் அவர் அறைப் பக்கம் போகவில்லை. வேலை எவ்வளவு அமைதியாக நடக்கிறது பாருங்கள் என்று அவர் ஒயர்காரரைப் பாராட்டினார்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நினைவூட்டல் போயிருக்கிறதென்றால் கடிதமும் போயிருக்குமே என்று. உறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வழக்கம்போல் என் கணினியில் தேதியைத் தள்ளி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மற்ற எண்பத்தைந்திலும் யார் தள்ளி வைப்பது?

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு, என்னைத் தவிர அலுவலகம் முழுவதும் ராஜினாமா செய்தது.

கடிதத்தின் அடியில் நான் பெயர் போட்டிருக்கவில்லை. எந்த இருக்கையோ அந்த இருக்கைக்காரர் பெயரை இயந்திரமே போட்டுக்கொள்ளும். ஆகவே இருபத்துமூன்று வயது வரவேற்பு மேசைப் பெண்ணிலிருந்து எல்லோரும், வயது மூப்பாலும், முழங்கால் வலியாலும், கண் மங்குவதாலும், பேரக்குழந்தையோடு இருக்க விரும்புவதாலும் தம்மை விடுவிக்கும்படியும், இதை எழுதத் துணிந்தமைக்கு மன்னிக்கும்படியும் கேட்டிருந்தார்கள். மேலாளர் அறையிலிருந்து வந்த சத்தம் கீழ்மாடியில் என் காதுக்கே கேட்டது. “ஒரே நிமிஷம், ஒரே வாசகம்! ஒரு கமா கூட மாறல! இது சதி!” ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று விரும்பியவர் அவர்தானே என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. வாய்விட்டுச் சொல்லவில்லை. “மெஷின் கோளாறா இருக்கும் சார்” என்று ஒயர்காரர் சொல்லிப் பார்த்தார். “நான் கொண்டுவந்த முறையில கோளாறுன்றியா?” என்றதும், “இல்ல சார்” என்று ஒயரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

விசாரணை தொடங்கியது. குறிப்பெடுக்க என்னை உட்காரவைத்தார். முதலில் வரவேற்பு மேசைப் பெண். அவளுக்கு ஒன்றுமே தெரியாது, கூப்பிட்டார்கள், வந்தாள்.

“ஏம்மா, உனக்கு முழங்கால் வலியா?”

அவள் ஒரு வினாடி யோசித்தாள். “அந்த நாற்காலி அப்படி சார்.”

“கண் மங்குதா?”

“லைட்டு ரெண்டு வருஷமா எரியல சார். எழுதிக் குடுத்தேனே.”

“பேரக்குழந்தையோட இருக்கணுமா? உனக்கா?”

“எங்க சார், இன்னும் கல்யாணத்துக்கே நேரமில்ல. சனிக்கிழமையும் ஆபீஸ்.”

மேலாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அவள் வெளியே போய் என்ன சொன்னாளோ, அடுத்து வந்த எல்லோருக்கும் முழங்கால் வலித்தது. மாலைக்குள் புதிய நாற்காலிகள், எல்லா மாடிக்கும் விளக்குகள், இனிமேல் சனிக்கிழமை விடுமுறை, எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார். ‘இது இயந்திரக் கோளாறு அல்ல, ஒவ்வொருவரும் தம் முழு மனதோடு எழுதியதே என்று நேரில் விசாரித்து உறுதி செய்துகொண்டேன், நிலைமையை நானே சமாளித்துவிட்டேன்’ என்று தலைமை அலுவலகத்துக்கு ஓர் அறிக்கையும் அனுப்பினார். எண்பத்தைந்து கடிதங்களையும் அச்சிட்டுக் கோப்பில் வைக்கச் சொன்னார். வைக்கும்போதுதான் கவனித்தேன். அதில் ஒன்று மேலாளருடையது. அவர் கணினியும் எண்பத்தைந்தில் சேர்த்திதானே? அவர் தமக்குத் தாமே எழுதி, எழுதத் துணிந்தமைக்கு மன்னிப்பும் கேட்டிருந்தார். அவரிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். பிறகு அகரவரிசைப்படி அதன் இடத்தில் வைத்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிட நான் முயலவில்லை என்று நினைக்காதீர்கள். செவ்வாய்க்கிழமை அவர் அறைக்குப் போனேன். வாயெடுக்குமுன் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “எண்பத்தஞ்சு பேர் போறேன்னு எழுதினப்ப எழுதாத ஒரே ஆள் நீங்கதான் ஐயா” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. வாசலிலேயே திரும்பினேன். புதன்கிழமை மறுபடி போனபோது வரவேற்பு மேசைப் பெண் மறித்தாள்.

“ஐயா, எங்க போறீங்க?”

“ஒரு சின்ன விஷயம் சொல்லணும்மா.”

“தெரியும். ‘எழுதத் துணிந்தமைக்கு மன்னிக்கவும்’னு இந்த ஆபீஸ்ல எழுதுற ஆள் வேற யாரு? வாயத் தொறந்தீங்கன்னா எங்க எல்லாரோட சனிக்கிழமையும் உங்க தலையில. பேசாம போய் முழங்கால நீட்டுங்க.”

போய் நீட்டினேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். மேடையில் என்னை நடுவில் உட்காரவைத்து, இவரைப் போல் ஒருவர் இருந்தால் போதும், இவர் உயிருள்ளவரை இந்த நிறுவனத்தை விட்டுப் போகமாட்டார் என்று மேலாளர் எல்லோருக்கும் முன்னால் வாக்குறுதி கொடுத்தார். என் சார்பாக. நீட்டிப்பும் இனி வருடாவருடம் இல்லை, மூன்று மூன்று வருடமாகத் தருவாராம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டிவிட்டேன்.

இதுதான் நிலைமை. குழந்தை தவழும்போதாவது பார்க்க முடியுமா என்று தெரியவில்லை. வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், கழுவுவது சுலபம். உங்கள் அத்தையிடம் நான் முயன்றேன் என்று மட்டும் சொல்லுங்கள். நம்பமாட்டாள், ஆனாலும் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் குழந்தையும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் நிறைவாக வாழ வேண்டும் என்பது தவிர, அங்கே அனுப்ப என்னிடம் இப்போதைக்கு வேறொன்றுமில்லை.

என்றும் தங்கள் நலம் விரும்பும்,
மாமா

பின்குறிப்பு: மேலே எழுதியது ஞாயிற்றுக்கிழமை. இது திங்கட்கிழமை மாலை. தபாலில் போட எடுத்துப் போனேன், போடவில்லை. இன்று காலை தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. எண்பத்துநான்கு ஊழியர்களின் ராஜினாமாவைக் கிளை மேலாளரே முடிவு செய்யலாமாம். மேலாளருடையது அவர்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதாம். அவருடைய முழங்காலை எண்ணி வருந்தி, அதை ஏற்று, இன்றே விடுவித்துவிட்டார்கள். மெஷின் தப்பு, மெஷின் தப்பு என்று அவர் தொலைபேசியில் கத்திப் பார்த்தார். முழு மனதோடு எழுதியதே என்ற அவருடைய அறிக்கையை அவருக்கே வாசித்துக் காட்டினார்களாம். வேறொருவர் வரும்வரை, ராஜினாமா செய்யாத ஒரே ஊழியர் என்பதால் பொறுப்பு மேலாளர் நான். அந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். எண்பத்துநான்கையும் நிராகரித்து, நாற்காலிக்கும் விளக்குக்கும் சனிக்கிழமைக்கும் கையெழுத்துப் போட்டேன். சரியாகப் பத்தரைக்கு மேலாளருக்கு இன்னொரு கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு நான் மேடையில் உட்கார்ந்திருந்தேன் அல்லவா, தேதியைத் தள்ளி வைக்க யாருமில்லை. இரண்டு முறை படித்தேன். பணிவாக எழுதியிருந்தார். காரணங்களும் நியாயமானவை. ஒரு பெரியவர் இவ்வளவு தயங்கிக் கேட்கும்போது மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஏற்றுக்கொண்டு, பொறுப்பை மூத்த பரிசோதகரிடம் ஒப்படைத்துவிட்டேன். புதன்கிழமை காலை வண்டியில் வருகிறேன். இந்தக் கடிதத்தை நானே கையில் கொண்டுவந்து தருவேன், படித்ததும் கிழித்துவிடுங்கள். உங்கள் அத்தை கேட்டால், மாமா மேலாளரின் அறைக்குள்ளேயே போய் உட்கார்ந்து பேசினார், மேலாளர் மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று சொல்லுங்கள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.