தராசு நானாவின் ஆறு கிலோ

பலாபத்வலயில் தராசு நானாவைப் போல நேர்மையான மனிதர் கிடையாது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்லாதவர்கள் யார்? லக்கலயிலிருந்து விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து மிளகு கொண்டு வருகிறவர் சொல்கிறார். வில்கமுவயிலிருந்து மோட்டார் சைக்கிளில் பயறு மூட்டை கட்டி வருகிறவர் சொல்கிறார். பள்ளிவாசலில் சொல்கிறார்கள், கோயிலில் சொல்கிறார்கள், புத்த பிக்குகளின் பன்சலைப் பக்கம் போனால் சிங்களத்திலும் சொல்கிறார்கள். என் மனைவியே சொல்கிறாள். ஐயா, அந்த மனிதர் என்னை இரண்டு மாதம் பட்டப்பகலில், ஊர் பார்க்க ஏமாற்றினார். இதை எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்; அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார் என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணம் போகிற பெரிய ரோட்டில் மிளகும் கறாம்பும் வாங்குகிற கடை அவருடையது. நடுவில் பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு மேடைத் தராசு. மூட்டை ஏற்றுவதற்கு முன் மேடையைத் துணியால் துடைப்பார். ஈ உட்கார்ந்தால் விரட்டிவிட்டு மறுபடி நிறுப்பார். கம்பியில் குண்டை நகர்த்திவிட்டு, இரண்டு எட்டு பின்னால் போய், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எதிர்க்கடைக்குக் கேட்கிற மாதிரி கத்துவார்.

"முப்பத்தொண்டரை! சாக்குக்கு அரை கழி! முப்பத்தொண்டு!"

பிறகு வந்தவரைப் பார்த்து, "நிறுவையில ஒரு மிளகு பிசகினாலும் மறுமையில நாந்தானே பதில் செல்லணும்" என்பார். இதை ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்வார். நானும் அதைக் கேட்டுத் தலையாட்டியவன்தான்.

இனி என் கதை. நான் பக்கத்துக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். எனக்குக் குடலிறக்கம். இருமினால் உயிர் போய்த் திரும்பி வரும். தும்மல் வருவது தெரிந்தால் ஓடிப்போய்ச் சுவரைப் பிடிப்பேன். ஐப்பசிக் கடைசியில் ஆஸ்பத்திரியில் டொக்டர் என் எடையைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"தொண்ணூத்தெட்டு கிலோவோட மயக்க மருந்து குடுக்கிறது பயம். பத்து கிலோ குறைச்சிட்டு தை மாசம் வாங்க, அன்னைக்கே ஒப்பரேஷனுக்குத் திகதி தாறேன். குறையலன்னா உங்க இடம் அடுத்தவருக்குப் போயிரும். பிறகு எப்பன்னு என்னால சொல்ல முடியாது."

குறைக்க வேண்டிய மாதங்களைப் பாருங்கள். கார்த்திகை, மார்கழி! நுவரெலியாக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்குக் குளிர் மட்டும்தான். எங்களுக்கு மழை நிற்காது, துவைத்த துணி காயாது, மலையிலிருந்து இறங்குகிற பனிமூட்டம் பத்து மணிவரை கூரையில் உட்கார்ந்திருக்கும். அந்தக் குளிரில் உடம்பு கேட்பதெல்லாம் பராட்டாவும் ரோல்ஸும் சீனி தூக்கலான பால் தேத்தண்ணியும். டொக்டர் கொடுத்த உணவுத் தாளிலோ ஓட்ஸ், ஆப்பிள், தோலுரித்த கோழி நெஞ்சு. இன்றைய விலையில் என் சம்பளத்துக்கு அந்தத் தாளை வேண்டுமானால் சாப்பிடலாம்.

வீட்டில் எடை பார்க்கிற மெஷின் கிடையாது. மருந்துக்கடையில் இருந்த மெஷின் ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் வேறு வேறு எடை காட்டியது. ஊரே நம்புகிற தராசு ஒன்று ரோட்டோரத்தில் இருக்க எனக்கென்ன கவலை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானாவிடம் போய்த் தொலைந்தேன்.

ஆறேழு விவசாயிகள் பார்த்துக்கொண்டிருக்க, சுவெட்டரும் காதை மூடுகிற மங்கிக் கெப்புமாக மேடையில் ஏறினேன். நானா குண்டை நகர்த்தினார், பின்னால் போனார், கையைக் கட்டினார்.

"தொண்ணூத்தொம்போது! சாக்குக்கு ஒண்டு கழி! தொண்ணூத்தெட்டு!"

சாக்கு என்றது என் சுவெட்டரை. கடையே சிரித்தது. நான் அவமானத்தை விழுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொல்லி டொக்டரின் தாளை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"கிளாக்கரய்யா, இந்த ஆப்பிள் எனத்துக்கு?"

"டொக்டர் எழுதியிருக்காரு நானா."

"டொக்டர் பிழையில்ல, நீங்க வாசிக்கிறதுதான் பிழை. அவரு செல்றது சீனியக் கொறைங்க, எண்ணெயக் கொறைங்க, பச்சையாத் தின்னுங்க எண்டுதானே? ஒங்கட வேலியில முருங்கை ஈக்கிது. வாய்க்கால் ஓரத்துல வல்லாரை ஈக்கிது. இந்தா, இவங்க கொள்ளும் குரக்கனும் கொண்டாறாங்க. ஆப்பிள்ட விலையில ஒரு கெழமை தின்னலாம்."

"குளிருது நானா. குளிருக்குப் பசி தாங்க முடியல."

"அது பசியில்ல. ஒடம்பு சூடு கேக்குது, நீங்க சோறு குடுக்கிறீங்க."

அவர் சொன்னது சரிதான். அதுவும் ஒரு எரிச்சல்.

மறுநாளே என் சாப்பாட்டை அவர் கையில் எடுத்துக்கொண்டார். காலையில் வல்லாரை போட்ட இலைக்கஞ்சி, கடித்துக்கொள்ள நகத்தளவு கருப்பட்டி. மத்தியானம் ஒரு கைப்பிடி சிவப்பரிசிச் சோறு, பாதித் தட்டுக்கு முருங்கையிலைச் சுண்டல், பருப்பு, நாலு நெத்தலி. பின்னேரம் கொள்ளு அவித்த தண்ணீரில் மிளகும் உள்ளிப்பூண்டும் தட்டிப் போட்ட ரசம். இரவுக்குக் குரக்கன் மாவில், அதாவது கேழ்வரகில், ஒரேயொரு ரொட்டி. இடையில் பசித்தால் சீனி இல்லாத மல்லித் தண்ணி. கொள்ளு ரசம் குடித்தால் காதுவரை சூடேறும், மறுக்கவில்லை. செலவும் பாதியாகக் குறைந்தது, அதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதன் மார்கழி மழையைப் பார்த்துக்கொண்டு முருங்கை இலை மெல்லுவது என்ன நியாயம்?

முதல் வாரம் ஒரு கிலோ குறைந்தது. "தொண்ணூத்தேழு!" என்று நானா கத்தியபோது எனக்கு இறக்கை முளைத்துவிட்டது. நேரே பக்கத்து ஹோட்டலுக்குப் போய், ஒரு கிலோ குறைந்த சந்தோஷத்துக்கு ஒரு கோழிக் கொத்து ரொட்டி, மேலே இரண்டு முட்டை. அந்த வாரம் முழுக்க அந்தச் சந்தோஷம் தொடர்ந்தது. அடுத்த ஞாயிறு தொண்ணூற்றெட்டரை.

நானா ஏசவில்லை. என்னைப் பார்த்தார், ஹோட்டல் பக்கம் பார்த்தார், தாடியைத் தடவினார். அந்தப் பார்வையை அன்றைக்கே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அதற்கடுத்த ஞாயிறு நான் மேடையில் ஏறியதும், "அங்கால ரோட்டப் பாத்து நில்லுங்க" என்றார்.

"ஏன் நானா?"

"ஒங்கட மூச்சு கம்பியில படுது. நிறுவை பிசகும்."

இதைவிட நேர்மை எங்கே கிடைக்கும்! புல்லரித்துப்போய் ரோட்டைப் பார்த்து நின்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் முதுகைக் காட்டித்தான் நின்றேன்.

அதோடு விட்டாரா? அந்த ஹோட்டலில் போய் ஒரு ரோல்ஸ் கேட்டேன். முதலாளி கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "கோவிச்சுக்காதீங்க, நானா சொல்லியிருக்காரு." சரி, மாத்தளை டவுனுக்குப் போனால் யாருக்குத் தெரியும் என்று பஸ் ஏறினேன். அங்கே ஒரு கடையில் கொத்துத் தகரம் தடதடவென்று அடிக்கிற சத்தம் கேட்டு உள்ளே நுழைகிறேன், மூலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து கும்பிட்டார். "ஆ, அனூ அட்ட மஹத்தயா!" என்றார். அதாவது, தொண்ணூற்றெட்டு ஐயாவாம்! வில்கமுவ விவசாயி. என் பெயர் அவருக்குத் தெரியாது, எடை தெரிந்திருக்கிறது. ஒரு பிளேன்டியை, அதுவும் சீனி இல்லாமல், குடித்துவிட்டு வெளியே வந்தேன்.

ஒரு ஞாயிறு நல்ல மழை. தொப்பலாக நனைந்து போனேன். மிளகு நனைந்து வந்தால் ஈரத்துக்கென்று கழிப்பார் அல்லவா, எனக்கும் கழிக்கச் சொன்னேன்.

"மிளகு காஞ்சா ஈரம் போகும். நீங்க காஞ்சா கொத்துத் தின்னப் போவீங்க. கழிக்க ஏலாது!"

இப்படியாக நாள் போனது. நானாவின் தராசில் நான் நத்தை மாதிரி இறங்கினேன். ஒரு வாரம் அரைக் கிலோ, ஒரு வாரம் அதுவுமில்லை. ஆனால் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. மனைவி இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள்.

"இங்க பாருங்க, நல்லா எளைச்சிட்டீங்க. கன்னம் ஒட்டிப் போச்சு."

"உனக்குக் கண்ணு சரியில்ல. நானா தராசுல தொண்ணூத்துமூணரை."

"அப்ப கால்சட்ட?"

"துணி இளகிருச்சு. நானா தராசு பொய் சொல்லுமா?"

கட்டிய மனைவியை நம்பவில்லை. போட்டிருக்கிற கால்சட்டையை நம்பவில்லை. அந்தத் தராசை நம்பினேன். நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் ஞாயிறு. எண்பத்தெட்டு வர வேண்டும். "தொண்ணூத்திரண்டு!" என்றார் நானா. அன்றைக்கு அவர் குரல் எதிர்க்கடைவரை போகவில்லை. நான் இறங்கி ஒரு மிளகு மூட்டையில் உட்கார்ந்தேன். இரண்டரை மாதம். ஒரு துண்டு கேக் இல்லை, நத்தார்ப் பண்டிகைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த பலகாரத்தைத் தொடவில்லை. இனி ஒப்பரேஷனும் இல்லை. காலம் முழுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு தும்ம வேண்டியதுதான். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

நானா என் பக்கம் திரும்பாமல் உள்ளே போய், ஒரு கோப்பை கொள்ளு ரசம் கொண்டுவந்து கையில் வைத்தார்.

"குடிங்க. வியாழக்கிழம ஆஸ்பத்திரிக்குப் போறீங்க."

"எதுக்கு நானா? அவமானப்படவா? நான் போகல."

"போகாட்டி மூட்டையில கட்டி லொறியில ஏத்துவன். வெளயாட்டில்ல."

போனேன். நர்ஸ் மிஸ் என்னை மெஷினில் ஏற்றினார்.

"எண்பத்தாறு."

"மிஸ், உங்க மெஷின் பிழை" என்றேன்.

"என்ன?"

"எங்க ஊர்ல ஒரு தராசு இருக்குங்க. அது பொய் சொல்லாது. அதுல தொண்ணூத்திரண்டு."

எடை கூடிவிட்டது என்று சண்டை பிடிக்கிறவர்களைத்தான் அந்த மிஸ் பார்த்திருப்பார். குறைந்துவிட்டது என்று சண்டை பிடித்தவன் நான்தான். என் தொல்லை தாங்காமல் பக்கத்து வார்ட்டில் இருந்த மெஷினிலும் ஏற்றினார். அங்கேயும் எண்பத்தாறு. டொக்டர் முதுகில் தட்டி, ஒப்பரேஷனுக்குத் திகதி கொடுத்தார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். பஸ்ஸில் பலாபத்வல வரும்வரை அந்த ஆறு கிலோவை மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பல்லைக் கடித்தேன்.

கடையில் நல்ல வேளையாக யாருமில்லை. ஆஸ்பத்திரியில் எடை எழுதித் தந்த துண்டை மேசையில் அடித்தேன்.

"எண்பத்தாறு! நானா, என்ன செஞ்சீங்க என்னைய?"

அவர் துண்டை எடுத்து, தள்ளிப் பிடித்து வாசித்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"கால வச்சன்."

"என்ன?"

"நீங்க ரோட்டப் பாத்து நிக்கக்குள்ள பின்னால மேடையில கால வச்சன். முதல்ல பெருவிரல் மட்டுந்தான். பொறகு பாதிக் காலு."

"அடப்பாவி மனுசா! நான் பட்டினி கிடந்து செத்தேன். அந்த மூட்டையில உக்காந்து அழுதேன். பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

"பாத்தன். நெஞ்சு வெடிச்சிச்சு. ஆனா கிளாக்கரய்யா, ஒரு கிலோ கொறஞ்ச அண்டைக்கு ரெண்டு முட்டை போட்டுக் கொத்துத் தின்ட ஆளு நீங்க. எண்பத்தெட்டு எண்டு செல்லியிருந்தா, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள திரும்பவும் தொண்ணூறு ஆகியிருப்பீங்க."

பொய்யில்லை. அதனால்தான் கோபம் இன்னும் கூடியது.

"தினமும் இருபது தடவ சொல்வீங்களே, ஒரு மிளகு பிசகினாலும் மறுமையில பதில் சொல்லணும்னு! இது ஆறு கிலோ நானா!"

அந்த மனிதர் முகம் மாறியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேடையைத் துடைத்தார்.

"நாப்பது வருசமா ஒருத்தர்ட மூட்டையிலயும் வெரல் பட்டதில்ல. ஒங்களுக்கு வச்சன். அந்த ஆறு கிலோக்கு நா அங்க பதில் செல்லிக்கிறன். நீங்க நல்லபடியா ஒப்பரேஷனச் செஞ்சிக்கிட்டு வாங்க."

நான் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஏமாற்றினதுமல்லாமல் கோபப்படவும் விடாத மனிதரை என்னதான் செய்வது?

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் மனைவியோடு கோயிலுக்குப் போனேன். அவள் எனக்காக அர்ச்சனைச் சீட்டு எடுக்கப் போனாள். நான் அம்மனுக்கு முன்னால் தனியாக நின்று, யாருக்கும் கேட்காமல் சொன்னேன்: "தாயே, அந்த ஆறு கிலோவ அந்த மனுசன் தலையில போட்டுராத. என் தலையிலயே போடு. எனக்குச் சுமந்து பழக்கம்."