வில்லை கோத்துக் கட்டிய மனு

கோலார் தங்கவயல்,
1898, மார்ச்சு 14

குடியாத்தத்தில் மளிகைக்கடையும் மங்காத மரியாதையும் உடைய என் மச்சான் மரியகுழந்தை அவர்கள் சமுகத்துக்கு, தங்கை புருஷன் ஏசுபாதம் பணிவுடன் எழுதிக்கொண்டது. மாதா கிருபையால் இவ்விடம் நானும் உங்கள் தங்கை ஞானசுந்தரியும் சுகம். அவ்விடம் தாங்களும், அக்காளும், கடைப் பூனையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

நிற்க. எங்கள் கூலி லைன் வீடுகளை ஒட்டிக் கிளைக்கடை போட இடம் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். மச்சான் கேட்டு இல்லையென்று சொல்ல மனசு வலிக்கிறது. ஆனால் கிடைக்காது. கிழக்கே புளியமரத்தோடு காலி நிலம் இருக்கிறதே, அது நைட் ஷிப்டு பார்த்து வரும் நாங்கள் பகலில் தூங்கும் இடம். தகரக் கூரை போட்ட தட்டி வீட்டில் பகலில் படுத்தால் ஆள் வெந்துபோவான். தூங்காமல் சுரங்கத்தில் இறங்கிக் கண் சொக்கினால் தலையில் கல்லு விழும். அங்கே போய் பவுரிங்பேட்டை யாவாரி ஒருத்தர் பத்துக் கடை கட்டப்போறேன், அதுல ஒண்ணு சாராயக்கடை, ஒண்ணு தகரம் தட்டுற கடைன்னு கயிறு புடிச்சு அளக்குறாரு! தூங்கிக்கினு இருந்த எங்க ஷிப்டு கோவிந்தன் வயித்துக்குப் பக்கத்துலயே முளை அடிச்சிட்டாங்க மச்சான்.

சரி, சுரங்கத்து மேலதிகாரி கேப்டன் துரைக்கு மனு குடுப்போம்னு உபதேசியார் சிரில் இங்கிலீஷ்ல எழுதினாரு. எங்கள்ல ரெண்டு பேருக்குத்தான் கையெழுத்து வரும், மத்தவங்க கீறல் போடுங்கன்னாரு. கோவிந்தன் ஒத்துக்கல. "கீறல எவன் வேணா போடுவான். துரைக்கு நம்மளத் தெரியறது வில்லையிலதான?"ன்னான். அது நெசந்தான். கேஜுக் கூண்டுல சுரங்கத்துக்குள்ள எறங்குறப்ப நம்பர் போட்ட பித்தளை வில்லைய ஆபீசுல குடுக்கணும், ஏறி வந்து வாங்கிக்கணும். வில்லை ஆபீசுலயே கெடந்தா ஆளு இன்னும் பூமிக்குள்ள கீறான்னு அர்த்தம். இது எங்க ஒருத்தன் புத்தியிலயும் ஏறல. காலையில மேல வந்ததும் எங்க அறுபத்திரண்டு பேரு வில்லையயும் கம்பியில கோத்து, மனுவுல கட்டி, துரை மேஜை மேல வெச்சிட்டு, மரத்தடியில வந்து படுத்துட்டோம்.

துரை வந்தாரு. மனுவப் பாக்கல, வில்லையத்தான் பாத்தாரு. ஊதிட்டாரு ஆபத்துச் சங்க! அலறியடிச்சு எழுந்தா, அறுபத்திரண்டு பேரு உள்ள மாட்டிக்கினாங்கன்னு ஊரே ஓடுது. ஐயோ பாவம், யாரு பெத்த புள்ளைங்களோன்னு நாங்களும் கடப்பாரையத் தூக்கிக்கினு ஓடினோம். கோவிந்தன் தேம்பித் தேம்பி அழுவுறான். சுரங்கக் குழி ஷாப்டு வாசல்ல உங்க தங்கச்சி மாருல அடிச்சிக்கினு, "தள்ளுய்யா, என் புருஷன் உள்ள கீறாரு"ன்னு என்னையே புடிச்சுத் தள்ளுறா. அப்ப துரை, "நம்பர் நானூத்திப் பன்னண்டு!"ன்னு வில்லையப் பாத்துப் படிச்சாரு. அது என் நம்பரு, பழக்கத்துல நான், "சார்!"னேன். ஞானசுந்தரி திரும்பிப் பாத்தா. ஒம்பது வருஷக் குடித்தனத்துல எனக்காக அவ அழுது அன்னைக்குத்தான் பாத்தேன். மனசு நெறைஞ்சு போச்சு மச்சான். அப்பறம் முதுகுல நாலு வெச்சா, அது வேற விஷயம்.

துரை மண்ணுலயே உக்காந்துட்டாரு. "எங்கய்யா இருந்தீங்க?"ன்னாரு. "மரத்தடியில தூங்கினோம், துரை"ன்னோம். அழுதாரா சிரிச்சாரான்னு தெரியல, அங்கயே பென்சிலால எழுதிக் குடுத்துட்டாரு: அந்த நெலத்துல யாவாரிக்கு எடமில்ல, தூங்குறவங்களுக்குத்தான்னு. அழுது ஓய்ஞ்ச பொம்பளைங்களுக்கு ஞானசுந்தரி மரத்தடியிலயே அடுப்பு மூட்டி வடை சுட்டுப் போட்டா. துன்னுட்டு எல்லாரும் நிம்மதியாத் தூங்கினோம்.

ஆகையால் கிளைக்கடை யோசனையைத் தாங்கள் விட்டுவிட வேண்டியது. தங்கள் குடும்பமும் வியாபாரமும் குடியாத்தத்திலேயே தழைக்க மாதா துணையிருப்பாளாக.

இப்படிக்கு,
நன்றாகத் தூங்கும்
ஏசுபாதம்

பின்குறிப்பு: கடுதாசிய தபால்ல போடுறதுக்குள்ள பத்து நாளு ஆயிடுச்சு. அந்த வடைய ருசி கண்டவங்க விடல, தெனமும் அதே மரத்தடியில சுடுறா. பெஞ்சு போட்டு, கூரையும் போட்டுட்டா. எண்ணெ சத்தத்துலயும் ஜன சத்தத்துலயும் ஒருத்தன் கண்ண மூட முடியல. கடலைப்பருப்பு ஒரு மூட்டையோட உங்கள உடனே வரச் சொல்றா, உங்களுக்கும் பக்கத்துலயே எடம் புடிச்சு வெச்சிருக்காளாம். வாங்க, ஆனா சீக்கிரமா வாங்க. அவ கடைய எடுக்கச் சொல்லி லைன்காரங்க புது மனு எழுதிட்டாங்க. இந்தத் தடவ துரைகிட்ட முன்னாடியே சொல்லிட்டுத்தான் வில்லை கோக்குறாங்க. முதல் வில்லை நானூத்திப் பன்னண்டு. இத உங்க தங்கச்சி காதுல போட்டுடாதீங்க.