டபுள் ஜன்னல் அண்ணன்

ஜொகூர் மாநிலத்திலேயே எதையும் சட்டென்று மூடாத ஒரே மனிதர் எங்கள் டபுள் ஜன்னல் அண்ணன்தான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டுமே தெரியும்.

கூலாய் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே வெளியூர்த் தொழிற்சாலைகளின் சர்வர்களைப் பராமரிப்பது எங்கள் வேலை. கணினித் திரையில் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து ஒரு வரி தட்டினால் போதும், இணையத்துக்குள் ஒரு பாதுகாப்பான சுரங்கம் திறந்து நம்மை அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். அந்தச் சுரங்கத்துக்குள் நின்றுகொண்டே அதன் பூட்டை மாற்றுகிற நாளில்தான் அண்ணனுக்குச் சாமி வரும்.

“பழைய ஜன்னல மூடாத! புதுசா ஒன்னு திறந்து, உள்ள போவுதான்னு பாரு. அப்புறம் மூடு!”

வாழ்க்கையிலும் அப்படித்தான். புதுக் கைப்பேசி வாங்கினால் பழையதும் ஒரு மாதம் சட்டைப்பையில் கிடக்கும். மதியம் புதுக் கடைக்குப் போனால்கூட, பழைய கடையில் ஒரு நாசி லெமாக் எடுத்துவைக்கச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

ஒரு வெள்ளிக்கிழமை பத்து பாகாட் நகரத்துத் துணித் தொழிற்சாலையின் சர்வரில், கடவுச்சொல்லை நிறுத்திவிட்டு, சாவிக் கோப்பு உள்ளவர்கள் மட்டும் நுழையும்படி மாற்றினேன். மணி இரண்டரை. என் கால் தரையில் நிற்கவில்லை.

“முடிஞ்சிருச்சுண்ணே, மூடிரவா?”

“கைய எடுறா! இன்னொன்னு திற.”

“அலமாக்! மூணு மணிக்கு எனக்கு வீடியோவுல சிங்கப்பூர் இன்டர்வியூண்ணே!”

அலுவலகத்தில் யாரிடமும் சொல்லாத விஷயம், வாய் தவறி வந்துவிட்டது. அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார்.

“அப்பன்னா கண்டிப்பா திற லா.”

திறந்தேன். ‘அனுமதி இல்லை’ என்றது புது ஜன்னல். மறுபடியும் அதே பதில். பழையதை மூடியிருந்தால், சர்வரை நேரில் போய்த் திறக்க வேண்டியதாகி, மூன்று மணிக்கு நான் பத்து பாகாட் போகும் காரில் அழுதுகொண்டிருப்பேன். அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டு, திறந்தே இருந்த பழைய ஜன்னலுக்குள் மேய்ந்தார்.

“உன் சாவிய அடுத்தவன் கணக்குல போட்டு வச்சிருக்க. நல்லா வருவடா நீ!”

சரிசெய்தார். புது ஜன்னல் திறந்தது.

“இப்ப மூடு. ஓடு. மொதல்ல தலைய சீவு.”

வேலை கிடைத்தது. கடைசி நாளில் மேனேஜர் என் மேசையை வேறொருவருக்கு ஒதுக்க வந்தார். அண்ணன் குறுக்கே நின்றார்.

“இருங்க பாஸ். அவன் அங்க உள்ள போயிட்டானான்னு தெரியட்டும்.”

இன்றும் வெள்ளிக்கிழமை தவறாமல் அழைக்கிறார். “என்னடா, வேல நிரந்தரமாயிருச்சா?”

“இன்னும் பாத்துக்கிட்டு இருக்காங்கண்ணே.”

நிரந்தரமாகிப் பல மாதங்கள் ஆகின்றன. சொன்னால், கூலாயில் எனக்காகக் காலியாகக் கிடக்கும் அந்த நாற்காலியை யாருக்காவது கொடுத்துவிடுவார்.