நாலாம் மாடி வைஃபை

வெள்ளவத்தை,
புதன்கிழமை.

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

தங்கை நேசமலர் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் உடம்பளவில் சுகம். கல்கிசையில் நீங்களும் செல்லையா அத்தானும் அவருடைய முழங்காலும் சுகமாயிருக்க அம்மனை வேண்டுகிறேன். போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனால் வந்த வினையைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. அதோடு நான் கதைத்தால் இவருக்குக் கேட்கும்.

கனடாவிலிருந்து மகன் தனுஷன் எனக்கொரு புதுப் போன் அனுப்பியிருக்கிறான். பழையது செத்துப்போய் மூன்று மாதம். புதியதை வீட்டு வைஃபையோடு சேர்க்கப் பாஸ்வேர்ட் வேண்டுமே, அவன் எழுதித் தந்த துண்டு எங்கே என்று இவரைக் கேட்டேன். கலண்டருக்குப் பின்னால் ஒட்டியதாம். அது போன வருடத்துக் கலண்டர், பழைய பேப்பர்காரனோடு போய்விட்டது. காலி வீதியில் போன் கடை வைத்திருக்கும் ஷிஹானிடம் போய் அழுதேன். சேருடைய, அதாவது இவருடைய, போனில் அது சேவ் ஆகியிருக்கும், செட்டிங்ஸில் வைஃபைக்குள் போனால் இதுவரை சேர்ந்த எல்லா வைஃபையும் வரிசையாக வரும், பெயரை அமத்தி ஷெயார் கொடுத்தால் ஒரு கறுப்புக் கட்டமும் கீழே பாஸ்வேர்டும் தெரியும் என்று பொறுமையாகச் சொல்லித் தந்தார்.

இவர் குளிக்கப் போன நேரம் போனை எடுத்தேன். திறக்க எண் கேட்டது. எங்கள் கல்யாண நாளை அடித்தேன், திறக்கவில்லை. என் பிறந்தநாளை அடித்தேன், அதற்கும் இல்லை. தனுஷனின் பிறந்தநாளுக்குத் திறந்தது. பெற்ற பிள்ளைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு உள்ளே போனால் எங்கள் வீடு, சலூன், பல் டொக்டர், அதற்கடுத்து 'சுபாஷினி 4B'. எங்கள் தலைக்கு நேர் மேலே இருக்கிற நடன டீச்சர்தான், அக்கா. புருஷன் கட்டாரில். அழகில்லை என்று எழுத ஆசைதான், கடிதத்தில் பொய் எழுதக்கூடாது. ஷிஹான் சொன்னபடி அமத்திப் பார்த்தேன். பாஸ்வேர்ட் 'மல்லிகை'. இவர் எனக்கு மல்லிகைப்பூ வாங்கித் தந்து பதினொரு வருடம்.

மறந்துவிடு என்று அதில் ஒரு பொத்தான் இருக்கிறது. வந்த ஆத்திரத்தில் கண்ணாடியும் இல்லாமல் அதை அமத்தினேன். மறந்தது எங்கள் வீட்டை. எங்கள் பாஸ்வேர்ட் இருந்த ஒரே இடம் அதுதான், அதுவும் போனது. போன் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, தானாகவே மேல்மாடிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. குளித்துவிட்டு வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு லைன் நல்ல வேகம் என்று சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷம் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

4B எப்படி உள்ளே வந்தது என்று இவரைக் கேட்டேன். ஃப்ளாட் கமிட்டிக் கூட்டம் ஒரு நாள் அவளுடைய வீட்டில் நடந்ததாம், வந்த ஏழு பேருக்கும் பாஸ்வேர்டைக் கொடுத்தாளாம். நம்பாமல் நானே மேலே ஏறிப் போனேன். அவள் முகம் கோணாமல், "ஓம் அன்டி, வந்த எல்லாருக்கும் குடுத்தனான். உங்களுக்கும் போட்டுத் தரட்டே?" என்று என் கையிலிருந்த புதுப் போனை வாங்கி மல்லிகையை ஏற்றித் தந்துவிட்டாள். தேத்தண்ணீரும் தந்தாள். நன்றி வேறு சொல்லிவிட்டு இறங்கினேன், அக்கா.

ஆனால் செவ்வாயும் வெள்ளியும் பதினொரு மணிக்குக் கடற்கரையில் நடக்கப் போகிறவர் மூன்று மணிக்குத்தான் வருகிறார். வந்தாலும் பசியில்லை என்கிறார். உச்சி வெயிலில் எந்த மனுஷன் நடப்பான்? கமிட்டிக்கு வாரத்தில் இரண்டு கூட்டமா? இவர் உங்கள் பக்கம் வந்து ஆறு மாதம் என்று நீங்களே போனில் குறைப்பட்டீர்கள். கல்கிசைக்கு பஸ் ஏற முடியாதவருக்கு நாலாம் மாடிக்குப் படி ஏற முடிகிறது. நீங்கள்தான் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். என்னிடம் மறைப்பார், உங்களிடம் மறைக்க மாட்டார். எனக்கு இந்த உலகத்தில் நம்ப உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்?

அத்தானின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க மறக்க வேண்டாம். இருவரையும் விழுந்து கும்பிட்டு,

உங்கள் அன்புத் தங்கை
நேசமலர்

பி.கு.: உறையை ஒட்டுமுன், அந்த 4B-ஐயாவது ஒழுங்காக அழிப்போம் என்று கண்ணாடி போட்டுக்கொண்டு போனை மறுபடி எடுத்தேன். பட்டியலைக் கீழே இழுத்தால் இன்னும் வருகிறது. கடைசியில் 'செல்லையா நியூ' என்று இருக்கிறது. உங்கள் வீட்டில் புது லைன் போட்டது போன மாதம். ஆறு மாதமாக வராதவருடைய போனுக்குள் அது எப்படி வந்தது? இவரைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா நண்டுக் கறி வைக்கிறவ... டொக்டரிட்டச் சொல்லிப்போடாதையப்பா" என்றார், நண்டைத் தொடக்கூடாதென்று டொக்டர் மறித்து வைத்திருக்கிற மனுஷன். சுபாஷினியாக இருந்திருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும். முப்பத்தெட்டு வருடமாக என் கறியைத் தின்றுவிட்டு நல்லாயிருக்கு என்று சொன்ன வாய் அது. விழுந்து கும்பிட்டதை வாபஸ் வாங்குகிறேன். கடிதத்துக்கு முத்திரை ஒட்டவில்லை. வெள்ளிக்கிழமை எப்படியும் அங்கேதான் வருவார், அவர் கையிலேயே தந்துவிடுகிறேன். திரும்பி வரும்போது எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துவிடுங்கள். அதில் அப்படி என்னத்தைத்தான் போடுகிறீர்கள் என்று நானும் பார்க்க வேண்டும்.