இரண்டு தாழ்ப்பாள் வைத்த கதவு

"முன்வாசல்ல தீப்பிடிச்சா எந்த வழியா வெளியே போவீங்க?" என்று கேட்டார் தீயணைப்புத் துறை அதிகாரியம்மா.

திரைச்சீலைக் கடை வைத்திருந்த அப்பா, முதுகுக்குப் பின்னால் நின்ற பலகைச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"பின்னாடி ஒரு வாசல் இருக்கு மேடம். ஆனா அது எங்க அண்ணன் கடைக்குள்ள இருக்கு."

"அதனால?"

"நாங்க அந்தப் பக்கம் போறதில்ல."

"தீ போகுமே."

சுவருக்கு அந்தப் பக்கம் மெத்தை விற்றுக்கொண்டிருந்த பெரியப்பா ஒருமுறை கனைத்துக்கொண்டார். அவ்வளவு நேரமும் காதைச் சுவரில்தான் வைத்திருந்தார் என்று அர்த்தம்.

நீளமான ஒரே கடை அது. கடைத்தெருவைப் பார்த்த முன்பாதி அப்பாவுக்கு, பின்சந்தில் திறக்கும் மறுபாதி பெரியப்பாவுக்கு. மேசை விசிறி யார் பக்கம் திரும்பி நிற்பது என்ற தகராறில் எழுந்த சுவர். அன்றோடு அண்ணன் தம்பிப் பேச்சு நின்றது.

"ஒவ்வொரு பாதிக்கும் ரெண்டு வழி வேணும்" என்றார் அதிகாரியம்மா. "சுவரை எடுங்க, இல்லேன்னா நடுவுல கதவு வைங்க. அடுத்த தடவை வரும்போது ரெண்டும் இல்லேன்னா கடை மொத்தத்துக்கும் சீல். பொறுப்பாளர் யாரு?"

"டிகிரி" என்று சுவரின் இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது.

டிகிரி என்பது அப்பாவின் மகள். இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் என்பதால் வைத்த பெயர் போய் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மீட்டர் ஓடாவிட்டாலும், கரப்பான் வந்தாலும், "நீதானே படிச்சவ" என்று அவள் தலையில்தான் கட்டுவார்கள். அவள் படித்தது வரலாறு.

பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். சீல் விழுந்தால் இரண்டு வீட்டு அடுப்பும் எரியாது. அதுவரைக்கும் எரியப்போவது இவள் வயிறு.

தச்சர் வந்தார். சுவரை அறுத்து வழி விட்டுவிட்டு, "கதவு எந்தப் பக்கம் திறக்கணும்?" என்றார்.

"என் பக்கம் திறக்கக் கூடாதுன்னு உங்க பெரியப்பாகிட்டச் சொல்லும்மா" என்றார் அப்பா, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்ற அண்ணனைப் பார்க்காமலே.

"என் பக்கமும் திறக்கக் கூடாதுன்னு உங்கப்பன்கிட்டச் சொல்லு."

"ரெண்டு பக்கமும் திறக்காத கதவுக்குப் பேரு சுவரு" என்றார் தச்சர். "அதைத்தான் இப்ப நான் கஷ்டப்பட்டு அறுத்தேன்."

கடைசியில், இரண்டு பக்கமும் ஆடுகிற ஸ்பிரிங் கதவு வைத்தார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் கதவில் அந்தப் பக்கம் ஒரு தாழ்ப்பாள், இந்தப் பக்கம் ஒரு தாழ்ப்பாள்.

"தீப்பிடிச்சா அவர்கிட்ட மனு குடுத்து, அவர் தாழ்ப்பாளைத் திறந்ததும் ஓடுவீங்களாப்பா?"

அவளே திருப்புளி எடுத்து இரண்டையும் கழற்றினாள். மதியத்துக்குள் அந்தப் பக்கம் மெத்தை, இந்தப் பக்கம் துணி உருளை என்று கதவுக்கு முட்டுக்கொடுத்து உத்தரம் வரை அடுக்கிவிட்டார்கள்.

"மெத்தையை எடுங்க பெரியப்பா."

"அவன் முதல்ல எடுக்கட்டும்."

அவளே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுவிட்டு, கதவடியில் தரையில் சிவப்புக் கட்டம் அடித்தாள். பிறகு அப்பா பக்கம் அபாய மணி மாட்டி அமுக்கிப் பார்த்தாள். பெரியப்பா விற்பனை மெத்தையில் சாய்ந்தவர் சாய்ந்தபடியே இருந்தார்.

"மணி கேட்கலையா பெரியப்பா?"

"கேட்டுச்சு. அவன் மணி அடிச்சா நான் எந்திரிக்கணுமா?"

அவருக்கும் ஒரு மணி வாங்கி மாட்டினாள். அதிலிருந்து பிடித்தது வினை. இந்த மணி கேள்வி கேட்கும், அந்த மணி பதில் சொல்லும். தலையணையை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கள் தலையணையோடு தெருவுக்கு ஓடினார்கள். சிலர் திரும்பி வரவில்லை. தலையணையும் வரவில்லை.

அதிகாரியம்மா வரவேண்டிய நாளும் வந்தது. அவர் வருவதற்குள் ஒரு ஒத்திகையாவது பார்த்துவிடலாம் என்று டிகிரி இருவரையும் நிறுத்தினாள்.

"அவங்கவங்க வாசல்ல தீன்னு நினைச்சுக்கோங்க. மணி அடிச்சதும் நடுக்கதவு வழியா அந்தப் பக்கம் போயிடணும். அவ்வளவுதான். குழந்தைகூடச் செய்யும்."

மணி அடித்தது. இருவரும் ஓடிவந்தார்கள். கதவுக்கு நடுவில் நேருக்கு நேர் நின்றார்கள்.

"ஒதுங்கச் சொல்லு உங்க பெரியப்பாவை."

"சின்னவன் அவன். அவனை ஒதுங்கச் சொல்லு."

பிறகு யோசித்து, இருவரும் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் திரும்பி நுழைந்தார்கள். கடையைப் பிரித்தபோது தாத்தாவின் தொப்பையை மட்டும் பிரிக்காமல், ஆளுக்கு ஒன்று முழுசாக எடுத்துக்கொண்டவர்கள். சிக்கிக்கொண்டார்கள். அப்பா மூச்சை இழுத்தால் பெரியப்பா விட்டார். பெரியப்பா இழுத்தால் அப்பா விட்டார்.

"முட்டி மோதிப் படிச்சது இதுக்குத்தானா?" என்று டிகிரி கத்தினாள். "உங்க ரெண்டு தொப்பைக்கும் நடுவுல நின்னு தபால் குடுக்கவா?"

தச்சரைக் கூப்பிட்டார்கள். அவர் கதவு நிலையை ஒரு பக்கம் நெம்பினார். நிலை வந்தது. நிலையோடு சுவரும் வந்தது. முழுச் சுவரும் நிதானமாகச் சாய்ந்து மெத்தைகளின் மேல் தொப்பென்று படுத்துக்கொண்டது.

தூசி அடங்கியபோது அதிகாரியம்மா முன்வாசலில் நின்றிருந்தார். பின்சந்தில் போகிற சைக்கிள் வரைக்கும் அங்கிருந்தே தெரிந்தது.

"கதவுதானே கேட்டேன். சுவரையே எடுத்துட்டீங்களே."

"போதுமா மேடம்?" என்றாள் டிகிரி.

"இதுக்கு மேல என்ன வேணும்?" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் வண்டிக்கு நடந்தார்.

அண்ணனும் தம்பியும் தலையெல்லாம் மரத்தூளோடு நின்றார்கள்.

"சட்டம்னு வந்துட்டா நாம என்ன பண்றது?" என்றார் அப்பா, யாரிடம் என்றில்லாமல்.

"கட்டுப்பட்டுத்தான் ஆகணும்" என்றார் பெரியப்பா. "டிகிரி, உங்கப்பனுக்கு டீ…" என்று ஆரம்பித்தவர், நிறுத்திவிட்டுத் திரும்பினார். "டேய், உனக்கு இப்பவும் ரெட்டைச் சர்க்கரைதானா?"

"ஆமாண்ணே."

டிகிரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்த அதிகாரியின் உதவியாளர் அவள் பக்கம் குனிந்தார். "நல்ல வேளை இடிச்சீங்க தங்கச்சி. இனிமேலாவது எங்க ஆபீஸ் போன் ஓயும்."

"எந்த போன்?"

"உங்கப்பாவும் பெரியப்பாவும்தான், தனித்தனியா தினமும் கூப்பிட்டு, 'கதவெல்லாம் சரிப்பட்டு வராது, சுவரையே இடிக்கச் சொல்லுங்க, நான் கேட்டேன்னு மட்டும் அந்தாளுக்குத் தெரிய வேணாம்'னு ஒரே நச்சரிப்பு."