குளித்துவிட்டு வருகிறேன் என்று போனவள்

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம் என்று எழுதித் தொடங்குவதுதான் முறை என்பதால் அப்படியே தொடங்குகிறேன். உங்கள் நலம், அக்காவின் நலம், உங்கள் முழங்கால் வலியின் தற்போதைய நிலவரம் ஆகியவை அறிய ஆவல். கூடவே, போன வாரம் முதல் உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவியின் நலமும் அறிய ஆவல். அதை அவளிடமே கேட்கலாமே என்பீர்கள். போன் போட்டால் எடுக்கிறாள். எடுத்ததும், "பாப்பாகிட்ட குடுங்க" என்கிறாள். பேத்தியும் பாட்டியும் அரை மணி நேரம் கலகலவென்று பேசுகிறார்கள். போன் என் கைக்குத் திரும்பி வரும்போது அந்தப் பக்கம் யாரும் இருப்பதில்லை.

உங்களிடம் என்ன சொல்லிக்கொண்டு வந்து இறங்கினாளோ தெரியாது. என்னிடம் சொன்னது, "குளிச்சிட்டு வரேன்" என்பது மட்டும்தான். தோளில் துண்டு, ஒரு கையில் சோப்பு டப்பா, மறு கையில் மாற்றுத்துணிப் பை. நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே "சரி" என்றேன். குளியலறை வீட்டுக்குள் இருக்க, இவள் எதற்குச் செருப்பு மாட்டிக்கொண்டு தெருப் பக்கம் போகிறாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பஸ் பிடித்து உங்கள் வீட்டுக்கு வந்து குளித்திருக்கிறாள். குளிக்கப் போனவள் இன்னும் திரும்பவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு, நீங்கள் பெரியவர், நாலு நல்ல வார்த்தை சொல்லி அவளை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். இதுதான் என் கோரிக்கை.

நான் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு வண்டி கிளம்ப வேண்டிய நேரத்தில் கிளம்பாமல் நின்றால், பின்னால் வரும் வண்டியெல்லாம் நடுரோட்டில் நின்று ஹாரன் அடிக்கும். காலமெல்லாம் விசில் ஊதி அந்த வண்டிகளைக் கிளப்பிவிட்டவன், வீட்டில் உட்கார்ந்த முதல் வாரமே கண்டுகொண்டேன், எங்கள் வீட்டுக் குளியலறையில் நடப்பதும் அதேதான் என்று. ஐந்து பேர், ஒரு குளியலறை. காலையில் மகன் உள்ளே போனால் மருமகள் வெளியே கடிகாரத்தைப் பார்ப்பாள், பேத்தி வாய் நிறையப் பற்பசை நுரையோடு சைகை மொழியில் சண்டை போடுவாள். சாயங்காலமோ, எல்லோரும் வேலையும் பள்ளியும் விட்டு ஒன்றாக வந்து சேரும் நேரம் பார்த்து உங்கள் தங்கை உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். குழாய்த் தண்ணீர் தடதடவென்று வாளியில் விழும். நாங்கள் அம்மா, அத்தை, பாட்டி, ஏய் என்று ஆளுக்கொரு பெயரில் கூப்பிடுவோம். பதில் வராது. முக்கால் மணி நேரம் கழித்து, "தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்று முகம் தெளிந்து வெளியே வருவாள். இவ்வளவு குளிக்கிறவளுக்கு ஒரு சோப்பு எப்படி மாதக்கணக்கில் வருகிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

ஒரு நாள் தரையில் ஒரு டைல்ஸ் பெயர்ந்து அவள் கால் விரலைக் கிழித்தது. அதை மாற்றத்தான் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். என் போதாத காலம், வாய் சும்மா இருக்கவில்லை. "மேஸ்திரி, இந்த ஒரே ரூமை மூணாத் தடுத்து, ஒரே நேரத்துல மூணு பேர் புழங்குற மாதிரி செய்ய முடியுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சுவரைக்கூடப் பார்க்காமல், "பண்ணிடலாம் சார்" என்றார். பிறகுதான் தெரிந்தது, அந்த மனுஷன் வாயில் வேறு வார்த்தையே கிடையாது. கதவைக் கூரையில் வைக்கச் சொல்லியிருந்தாலும் பண்ணியிருப்பார்.

விஷயம் வெளியே தெரிந்ததும் வீட்டில் ஆளாளுக்கு யோசனை ஊறிவிட்டது. மருமகள் போனில் ஏதோ ஒரு படத்தைக் காட்டி, ஜன்னலோரம் செடி வேண்டும் என்றாள். அந்தப் படத்தில் வாளியே இல்லை. வாளி இல்லாத குளியலறையை எப்படி நம்புவது என்று நான் கேட்டதற்கு அவள் சிரித்துவிட்டுப் போனாள். மகன், ஆள் அசைந்தால் மட்டும் எரியும் விளக்கு வேண்டும் என்றான். கரண்டு மிச்சமாம். பேத்தி சுவரில் திமிங்கலம் கேட்டாள். மேஸ்திரியே பிரஷ்ஷை எடுத்து வரைந்தார். "இது திமிங்கலம் மாதிரி இல்ல, உங்கள மாதிரி இருக்கு" என்று பாப்பா சொன்னதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டு, கீழே தன் பெயரின் முதல் எழுத்தையும் போட்டுவிட்டார். என் பங்குக்கு, பஸ் நிலையத்தில் இருப்பது போல அமுக்கினால் கொஞ்சம் ஊற்றிவிட்டுத் தானாக நின்றுவிடும் குழாய். குளியலுக்கு ஒரு தடுப்பு, கழிப்பிடத்துக்கு ஒரு தடுப்பு, முகம் கழுவும் இடம் பொது. தடுப்புகளுக்குச் சின்னக் கொக்கி உண்டு. பொதுக் கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்கட்டுமா என்று மேஸ்திரி கேட்டபோது, "பஸ் ஸ்டாண்டுக்கு யாராவது தாழ்ப்பாள் போடுவாங்களா?" என்று நானே அதை வேண்டாம் என்றேன். கடைசியில் உங்கள் தங்கையையும் முறைப்படி கேட்டேன், "உனக்கு என்ன வேணும், சொல்லு" என்று. "அந்த ஒரு டைல்ஸை மாத்துங்க, போதும்" என்றாள். இவளுக்குக் கற்பனை வளம் போதாது என்று நினைத்துக்கொண்டேன். இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

வேலை நடந்த நாட்களில் நாங்கள் பட்ட பாட்டை எழுதினால் தபால்தலை பத்தாது. சுவரைக் கொத்தியதில் ஒரு பெரிய ஓட்டை விழுந்து அந்தப் பக்கம் சமையலறை தெரிந்தது. இதுவும் ஒரு வசதிதானே என்று நான் வாயெடுப்பதற்குள், ஓட்டை வழியாக உங்கள் தங்கை கரண்டியோடு பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். புதிதாக வாங்கிய கழிப்பிடப் பீங்கானை வைக்க இடமில்லாமல் கூடத்தில் வைத்து, பார்க்க நன்றாக இல்லையே என்று மேலே ஒரு பூப்போட்ட போர்வையைப் போர்த்தியிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். "புதுசா சார்? அடக்கமா இருக்கே" என்று சொல்லிக்கொண்டே அதில் அமர்ந்து, கால் மேல் கால் போட்டு, நாட்டு நடப்பு பேசிக் காபி குடித்தார். எழுந்திருங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? அவர் போன பிறகு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சிரித்துத் தீர்த்தோம். அப்போது உங்கள் தங்கையும் சிரித்தாள். அவள் கடைசியாகச் சிரித்தது அன்றுதான்.

வேலை முடிந்து திறந்த அன்று காலை எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று பேர் உள்ளே, ஒருவரும் வெளியே நிற்கவில்லை. எல்லோரும் நேரத்துக்குக் கிளம்பினார்கள். விசில் இருந்திருந்தால் ஊதியிருப்பேன். சாயங்காலம் வழக்கம்போல உங்கள் தங்கை துண்டோடு குளியல் தடுப்புக்குள் போய்க் கொக்கியைப் போட்டாள். குழாயை அமுக்கினாள். ஊற்றியது, நின்றது. உடனே மகன் பொதுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "அம்மா, என் சார்ஜரைப் பாத்தியா?" என்றான். மறுபடி அமுக்கினாள், மறுபடி நின்றது. "அத்தை, சீப்பு எங்க?" என்று மருமகள். அதற்குள் உள்ளே விளக்கு அணைந்துவிட்டது. "அம்மா, கையக் கால ஆட்டும்மா, எரியும்" என்று மகன் சொல்ல, எரிந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அணைந்தது. விளக்குக் கெட்டுவிட்டதோ என்று நானும் உள்ளே போய், "ஏய், என்ன பண்றே?" என்று கேட்டேன். "குளிக்கிறேன்" என்றாள். "குளிக்கிறவ அசையாம எப்படிக் குளிப்பா?" என்று நான் நியாயத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, பேத்தி பக்கத்துத் தடுப்பில் பீங்கான் மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா! பாட்டி குளிக்கவே இல்ல! டிரஸ்ஸோட சும்மா உக்காந்திருக்காங்க!" என்று கத்திவிட்டாள்.

வெளியே வந்தவளைச் சுற்றி நின்றுகொண்டு, தலைசுற்றலா, மயக்கமா, டாக்டரிடம் போகலாமா என்று பிடுங்கி எடுத்தோம். "ஒண்ணுமில்ல" என்றாள். மறுநாளும் அதே கதை. குழாய் நிற்க, விளக்கு அணைய, ஆளாளுக்குக் கூப்பிட. அப்போதாவது நான் பேசாமல் இருந்திருக்கலாம். "சும்மா உக்கார்றதுக்கு ஹால்ல சோபா கிடக்குதே, உள்ள போய் எதுக்கு இடத்தை அடைக்கிறே?" என்று கேட்டேன் மச்சான். அடுத்த நாள்தான் துண்டும் சோப்பு டப்பாவுமாக உங்கள் வீட்டுக்கு வந்தது.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. டைல்ஸ் நிறம் பிடிக்கவில்லை போலிருக்கிறது, வெந்நீர் மழைபோல் கொட்டுகிற மாதிரி ஒன்று மாட்டிவிட்டால் வந்துவிடுவாள் என்று மேஸ்திரிக்குப் போன் போட்டேன். பண்ணிடலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மருமகள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அணைத்தாள். என்னிடம் ஒருநாளும் குரலை உயர்த்தாத பெண் அது. "மாமா, அத்தை சாயங்காலம் பாத்ரூமுக்குப் போனது குளிக்க இல்ல. காலையிலயே குளிச்சிடுவாங்க. இந்த வீட்டுல அவங்கள யாரும் கூப்பிடாத இடம் அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் நீங்க பஸ் ஸ்டாண்டாக்கிட்டீங்க" என்றாள். சொல்லிவிட்டு, "நான் மட்டும் என்ன? சீப்பு எங்கன்னு கேட்டேன். சீப்பு என் தலையிலதான் சொருகியிருந்துச்சு" என்று அழுதாள்.

நகவெட்டி எங்கே என்று கேட்பதற்காக அந்தக் கதவை எத்தனை தடவை தட்டியிருக்கிறேன்! ஊரிலுள்ள வண்டிகளுக்கெல்லாம் எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று எனக்குத் தலைகீழ்ப் பாடம். என் வீட்டில் ஒருத்திக்குக் கொஞ்ச நேரம் நிற்க இடமில்லை என்பது தெரியவில்லை. அவள் போன பிறகு நான் ஒருவன்தான் நாள் முழுக்க வீட்டில் இருக்கிறேன் என்பதால், இப்போது எல்லோரும் என்னைக் கூப்பிடுகிறார்கள். சாவி எங்கே, சாக்ஸ் எங்கே, கத்தரிக்கோல் எங்கே. சாப்பிட உட்கார்ந்தால் கூப்பிடுகிறார்கள், கண்ணை மூடினால் கூப்பிடுகிறார்கள். ஒரு வாரத்திலேயே என் பெயரைக் கேட்டால் எனக்கே எரிச்சலாக வருகிறது. அவள் எப்படித்தான் இத்தனை வருஷம் தாங்கினாளோ!

நேற்று மேஸ்திரியை வரவழைத்து, தடுப்பை எல்லாம் எடுத்துவிட்டு, பழைய குழாயை மாட்டி, சாதாரண சுவிட்ச் வைத்து, கதவுக்கு உள்பக்கம் கனமான தாழ்ப்பாள் ஒன்று போடச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் பண்ணிவிட்டார். குழாய் முன்னைவிடச் சத்தம் போடுகிறது. செடியும் திமிங்கலமும் மட்டும் இருக்கின்றன, அவை அவளைக் கூப்பிடாது. மச்சான், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அவள் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எனக்கு அவள் வேண்டும். தயவுசெய்து உடனே அனுப்பிவையுங்கள். அவள் உள்ளே இருக்கும் நேரத்தில் வீடே பற்றி எரிந்தாலும் நாங்களே அணைத்துக்கொள்வோம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லாச் செல்வமும் பெற்று, முக்கியமாக ஆளுக்கொரு குளியலறை பெற்று, நீடூழி வாழ ஆசீர்வாதம். உங்கள் முழங்கால் சீக்கிரம் சொன்னபடி கேட்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் வரவை எதிர்நோக்கும்
அவள் வீட்டுக்காரன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன், தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்துவிடலாமே என்று உள்ளே போனேன். கச்சிதமாக விழுந்தது. குழாயையும் திறந்து பார்த்தேன். சும்மா ஒரு நிமிஷம் உட்கார்ந்தேன். வெளியே, "அப்பா, வண்டிச் சாவி எங்க?" என்றான் மகன். நான் பதில் சொல்லவில்லை. "மாமா!" நான் மூச்சு விடவில்லை. "தாத்தா!" ஊஹூம். கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. சாவி கிடைத்துவிட்டது மச்சான்! நான் சொல்லாமலே கிடைத்துவிட்டது! அந்தச் சந்தோஷத்தில் உட்கார்ந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. இந்தப் பின்குறிப்பை உள்ளே இருந்துதான் எழுதுகிறேன். ஆகவே உடனே அனுப்பிவையுங்கள் என்று மேலே எழுதியதைக் கண்டுகொள்ள வேண்டாம், அவள் நிதானமாக வரட்டும் என்று எழுத நினைத்தேன். அதற்குள் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். "யாரு உள்ள? பாத்ரூமுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டாச்சுன்னு பாப்பா போன்ல சொன்னா, அதான் கிளம்பி வந்துட்டேன். கதவைத் திறங்க!" உங்கள் தங்கையின் குரல்தான். ஒரு வாரமாக எந்தக் குரலுக்கு ஏங்கினேனோ அதே குரல். திறக்காமல் இருப்பேனா மச்சான்? கண்டிப்பாகத் திறப்பேன். இன்னும் ஒரே ஒரு அஞ்சு நிமிஷம்.